மாஸ்ட்ஹெட் என்றால் பாய்மரத்து உச்சி எல்லோ?

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சின்னப் பத்திரிகைக்கு முன்பக்கம் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வேலை வந்தது. வடிவமைக்கும் பெடியனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். "மாஸ்ட்ஹெட் பெரிசாக் கிடக்கு தம்பி, ஒரு அரை அங்குலம் குறைக்கேலுமோ?" என்று நான் கேட்டதும், பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா பேப்பரை இறக்கி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். வல்வெட்டித்துறைக்காரர், இளந்தாரி வயதில் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தவர். "மாஸ்ட்ஹெட் எண்டா பாய்மரத்து உச்சி எல்லோ? அதை என்னெண்டடா அரை அங்குலம் குறைக்கிறது?"

அவர் சொன்னது சரி. பேப்பரின் முன்பக்க உச்சியில் இருக்கும் அதன் பெயரை நான் அப்படிச் சொன்னதும் சரி. கதை இதோடு முடிந்திருக்கும், ஆனால் அமெரிக்காவில் ஒரு பத்திரிகைக்காரர் இதைக் கேட்டிருந்தால் அவர் மூன்றாவதாக வேறொன்றை நினைத்திருப்பார். ஒரே சொல்லுக்கு மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டுகிறோம், மூன்றும் பிழையில்லை.

பெரியப்பாவின் பொருளில் இருந்து தொடங்குவோம், அதுதான் மூத்தது. மாஸ்ட் என்றால் பாய்மரம், ஹெட் என்றால் தலை. பாய்மரத்தின் உச்சி. அங்கே ஆளை ஏற்றி வைத்ததற்குக் காரணம் பூமியின் வளைவு. பருத்தித்துறைக் கரையில் நின்று கடலைப் பார்க்கிற ஒருவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 4.7 கிலோமீற்றரில் முடிந்துவிடும். அதே ஆள் 25 மீற்றர் உயரப் பாய்மரத்து உச்சியில் இருந்தால் 18 கிலோமீற்றர் வரை போகும். ரேடார் இல்லாத காலத்தில் எதிரிக் கப்பலோ கற்பாறையோ ஒரு மணித்தியாலம் முந்தித் தெரிவதும் தெரியாமல் போவதும் அந்த உயரத்தில்தான் இருந்தது. பிரித்தானியக் கடற்படையில் குழப்படி செய்த இளம் அதிகாரிப் பயிற்சியாளர்களைத் தண்டனையாக உச்சிக்கு அனுப்பி மணிக்கணக்கில் இருத்தி வைப்பார்களாம். அதற்கு அந்தச் சொல்லையே வினையாக்கி 'மாஸ்ட்ஹெட் பண்ணுவது' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வாங்கில் ஏற்றி நிற்க வைப்பதன் கடல் பதிப்பு என்று வையுங்கள், காற்று மட்டும் கூட.

உச்சிக்கு இன்னொரு வேலையும் இருந்தது, பத்திரிகைக்குப் போன பொருள் அதில் இருந்துதான் வருகிறது. கொடி. ஒரு கப்பல் யாருடையது, அதில் யார் இருக்கிறார் என்பதைத் தூரத்தில் வருகிறவருக்குச் சொல்ல வேறு வழியே இல்லை. பிரித்தானியக் கடற்படையில் அட்மிரலின் கொடி நடுப் பாய்மரத்து உச்சியில், வைஸ் அட்மிரலுடையது முன் பாய்மரத்தில், ரியர் அட்மிரலுடையது பின் பாய்மரத்தில். எந்த மரத்து உச்சியில் கொடி பறக்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பவரின் தரத்தைச் சொல்லிவிடலாம். கொடியை இறக்கினால் சரணடைந்தாயிற்று என்று அர்த்தம். 1797இல் கம்பர்டவுன் சண்டையில் அட்மிரல் டங்கனின் கப்பலில் பாய்மரம் அடிபட்டுக் கொடி விழுந்தபோது, ஜாக் குரோபோர்ட் என்ற மாலுமி ஏறிப்போய்க் கொடியை மரத்தோடு ஆணி வைத்து அறைந்துவிட்டு வந்தார். இனி இறக்கவே முடியாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஆங்கிலேயரின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் என்னென்ன கொடிகள் பறந்தன என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பட்டியலே போடுகிறார். தெய்வம் உறையும் வாசலில் ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் ஏற்றிய கொடி, கள் விற்கும் இடத்தில் ஒரு கொடி. துறையில் அசைந்துகொண்டு நிற்கிற நாவாய்களுக்கு வரும்போது "மிசைக் கூம்பின் நசைக் கொடியும்" என்கிறார். கூம்பு என்றால் பாய்மரம், மிசை என்றால் மேலே, நசை என்றால் விருப்பம். பாய்மரத்து உச்சியில், கண்டவர் விரும்பும் கொடி. ஆங்கில அகராதிகள் மாஸ்ட்ஹெட்டுக்குக் கொடுக்கிற விளக்கத்தை உருத்திரங்கண்ணனார் மூன்று சொல்லில் முடித்திருக்கிறார். என்ன, இன்றைக்குக் கூம்பு என்றால் பிள்ளைகளுக்குக் கணிதப் புத்தகத்தில் கனவளவு கேட்கிற உருவம்தான் ஞாபகம் வரும்.

அன்று பின்னேரம் பெரியப்பா அந்த உச்சிக் கதையில் இருந்து இறங்கிவிடவில்லை. "மாஸ்ட்ஹெட் லைற் தெரியுமோ உனக்கு?" என்று தொடங்கினார். தெரியாது என்றேன். பேப்பரின் ஓரத்தில் பேனையால் படம் கீறிக் காட்டினார்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் இந்த விளக்குக்கு இலக்கணம் இருக்கிறது. வெள்ளை வெளிச்சம். முன்பக்கத்தைப் பார்த்து 225 பாகைக்குத் தெரிய வேண்டும், பின்பக்கம் இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. பின்பக்கத்து மிச்சம் 135 பாகைக்கு, கப்பலின் பின்முனையான அமரத்தில் வேறொரு வெள்ளை விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கப்பல் 50 மீற்றருக்குக் குறையாமல் இருந்தால் முன்னுக்கு ஒரு மாஸ்ட்ஹெட் விளக்கு, அதற்குப் பின்னால் அதைவிட உயரத்தில் இன்னொன்று கட்டாயம். இந்த இரண்டாவது விளக்கில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. இருட்டில் கப்பலின் உடம்பு தெரியாது, இரண்டு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். கீழே பதிந்த புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறதோ கப்பல் அந்தப் பக்கம் போகிறது. இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் உனக்குக் குறுக்கே போகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்கத் திரும்புகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாய் வந்து, கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்? "உன்ர வள்ளத்தை நோக்கித்தான் வருது, எஞ்சினை ஸ்ராட் பண்ணு" என்றார் பெரியப்பா.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. இந்த மாஸ்ட்ஹெட் விளக்கு இயந்திரத்தில் ஓடும் கப்பலுக்குரியது. வெறும் பாயில் ஓடுகிற கப்பல் அதைக் காட்டவே கூடாது, அது கட்டாயம் காட்ட வேண்டியது பக்க விளக்கும் அமரத்து விளக்கும்தான். அதாவது பாய்மரம் உள்ளவனுக்குப் பாய்மரத்து உச்சி விளக்கு இல்லை, பாய்மரம் என்ற பெயரில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு வைத்திருப்பவனுக்குத்தான் உண்டு. மரம் போய்விட்டது, பெயர் மட்டும் உச்சியில் நிற்கிறது. பத்திரிகையிலும் கடைசியில் இதேதான் நடந்தது.

சரி, கரைக்கு வருவோம். கப்பல் பொருளில் இந்தச் சொல் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. பத்திரிகைப் பொருளில் 1830களில்தான் தலைகாட்டுகிறது. ஏன் கப்பலில் இருந்து எடுத்தார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். துறைமுக நகரங்களில் அச்சடித்து, கப்பல் வரவு புறப்பாட்டைச் செய்தியாகப் போட்டு, கப்பலில் வந்த பழைய பேப்பர்களைப் பார்த்து வெளிநாட்டுச் செய்தி எழுதிய காலம் அது. தாளின் உச்சியில் குறுக்காக விரித்த பெயரைப் பார்க்கிறபோது அவர்களுக்குக் கொடிதான் தோன்றியிருக்கும். கடை வாசலில் நாலைந்து பேப்பர் தொங்கும்போது, கடந்து போகிறவர் உள்ளே ஒரு வரி வாசிக்காமலே எது யாருடையது என்று அறிவதும் அந்த உச்சியைப் பார்த்துத்தான்.

ஆனால் அந்தக் காலத்து முன்பக்க உச்சியில் பெயர் மட்டும் இருக்கவில்லை. பெயர், அதற்குக் கீழே ஒரு கொள்கை வாசகம், ஆசிரியர் யார், எங்கே அச்சடித்தது, வருடச் சந்தா எவ்வளவு எல்லாம் ஒரே கும்பலாக. பிறகு முன்பக்கத்தில் செய்திக்கு இடம் தேவைப்பட்டபோது இந்தக் கும்பல் பிரிந்தது. பெயர் முன்னுக்கே நின்றது. ஆட்கள், விலாசம், சந்தா எல்லாம் உள்ளே ஆசிரியத் தலையங்கப் பக்கத்துக்குப் போய் ஒரு பெட்டிக்குள் குந்திக்கொண்டன. எந்தப் பாதிக்கு மாஸ்ட்ஹெட் என்ற பெயர் சொந்தம் என்பதில் அத்திலாந்திக்கின் இரு கரையும் ஒத்துப்போகவில்லை. பிரித்தானியர் முன்பக்கத்துப் பெயரை மாஸ்ட்ஹெட் என்கிறார்கள். அமெரிக்கர் உள்ளே இருக்கும் பெட்டியை மாஸ்ட்ஹெட் என்கிறார்கள், முன்பக்கத்துப் பெயரைப் பெயர்ப்பலகை என்றும், அப்புறம் வேடிக்கையைப் பாருங்கள், 'கொடி' என்றும் சொல்கிறார்கள். கொடி ஒரு பக்கத்தில், அது பறக்க வேண்டிய மரத்து உச்சி இன்னொரு பக்கத்தில். கடற்காரர் யாரும் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பிரித்தானியர் வழி. யாழ்ப்பாணத்துப் பேப்பர் எதையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் பாருங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் ஒன்றின் மூலையில், எறும்பு ஊர்வது மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன பெயருள்ள நிறுவனத்தாரால், இன்ன வீதியில், இன்ன இலக்கத்தில் உள்ள அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது. அமெரிக்கர் மாஸ்ட்ஹெட் என்கிற சாமான் எங்களிடம் அந்த ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஒருவரும் வாசிப்பதில்லை. ஆனால் பேப்பரிலேயே சட்டம் தேடி வருகிற வரி அதுதான். இலங்கையில் பத்திரிகைகளுக்கான சட்டம் 1839இலேயே வந்துவிட்டது, அச்சிடுகிறவரும் வெளியிடுகிறவரும் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று. இந்தியாவில் 1867இல் வந்தது, 2023இன் புதிய சட்டம் வரும்வரை அதுதான்.

அந்த வரியின் கனத்தை அறிய 1908க்குப் போக வேண்டும். சென்னையில் 'இந்தியா' பத்திரிகை. உச்சியில் 'சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம்' என்ற வாசகம், உள்ளே எழுத்து பாரதியாருடையது. அரசாங்கம் இராஜதுரோக வழக்குப் போட்டபோது பிடிபட்டவர் பாரதியார் இல்லை. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவில் இருந்தவர் எம். சீனிவாசன், அவர்தான் சிறைக்குப் போனார். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். எழுதியது யார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் சட்டத்துக்குக் கண் அந்தச் சின்ன எழுத்தில்தான். ஜெர்மனியில் இதற்கு முன்பே இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள்: வழக்கு வந்தால் உள்ளே போய் இருப்பதற்கென்றே பெயருக்கு ஒருவரை ஆசிரியராகப் போட்டு வைத்தார்கள், அதற்கு 'இருக்கை ஆசிரியர்' என்ற பொருளில் ஒரு சொல்லே அவர்களின் மொழியில் உண்டு. ஆக, அமெரிக்கர் அந்தப் பெட்டியை மாஸ்ட்ஹெட் என்று சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கப்பலில் என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் இவர் என்பதும் கொடி சொல்லும் சேதிதான்.

யாழ்ப்பாணத்தில் உச்சியில் பெயர் போட்டு வந்த கதை 1841 ஜனவரி 7இல் உதயதாரகையோடு தொடங்குகிறது. அமெரிக்க மிஷன்காரரின் வெளியீடு, மானிப்பாயில் அச்சு, ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்ற இரண்டு யாழ்ப்பாணத் தமிழர் ஆசிரியர்கள். தமிழும் ஆங்கிலமுமாக வந்த பேப்பர், உச்சியிலும் இரண்டு மொழியிலும் பெயர். விடிவெள்ளியைப் பெயராக வைத்தது அவர்களுக்குச் சமய அர்த்தத்தில், ஆனால் கடலோரத்துச் சனத்துக்கு அது வள்ளம் கரை திரும்புகிற நேரத்து நட்சத்திரம். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் வெளிச்சத்தை விட்டு விலகவே இல்லை. உதயபானு, உதயன், காலைக்கதிர். ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தால் வானிலை அறிக்கை மாதிரி இருக்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் வேலை செய்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் எனக்குச் சொன்ன விஷயம்: பேப்பரில் அவர்கள் கை படாத ஒரே எழுத்து அந்தப் பெயர்தானாம். செய்தி முழுவதும் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கி, அச்சானதும் கலைத்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பெயர் மட்டும் ஓவியர் கையால் எழுதி, உலோகத் தகட்டில் வெட்டி, மரக்கட்டையில் அறைந்த ஒரு புளொக். இரவு அச்சு முடிந்ததும் மண்ணெண்ணெயில் துடைத்து, பழந்துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மற்ற எழுத்தெல்லாம் நாளைக்கு வேறு சொல்லாகிவிடும். இது மட்டும் அப்படியே. ஒருநாள் அவர் வேலை செய்த இடத்தில் லாச்சித் திறப்பைக் கொண்டுபோனவர் வரப் பிந்தி, பேப்பர் முழுக்கத் தயாராகியும் பெயர் இல்லாமல் எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சாதாரண ஈய எழுத்தில் பெயரைக் கோத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அது வேற பேப்பர் ஆயிடும் எல்லோ" என்றார்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பத்திரிகைத் தாள் உள்ளே வரவில்லை. பேப்பர்கள் கோடு போட்ட கொப்பித் தாளிலும், பொதி சுற்றுகிற மண்ணிறத் தாளிலும் வந்தன. எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது. கொப்பியின் நீலக் கோடுகள் செய்திக்கு நடுவால் ஓடுகின்றன, சில இடத்தில் மை கோட்டோடு சேர்ந்து ஊறி எழுத்தையே தின்றுவிட்டது. பக்கம் சிறுத்து, எழுத்துச் சிறுத்து, படம் எல்லாம் ஒரு கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. பெயர் மட்டும் பழைய கோணத்தில், பழைய வளைவுகளோடு, தாளின் அகலத்துக்கு ஏற்ற மாதிரிச் சுருங்கி அப்படியே நிற்கிறது. அதுதான் அந்தத் தாளைக் கொப்பி ஒற்றையாகப் போகாமல் பேப்பராகப் பிடித்து வைத்திருக்கிறது. 'ஈழநாடு' பத்திரிகைக்கு நடந்தது இதைவிடப் பெரிது. 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் அந்தக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. கட்டடம், இயந்திரம் எல்லாம் போயும், அதே பெயரைப் போட்டுப் பேப்பர் மறுபடி வந்தது, சனம் அதை அதே ஈழநாடாகத்தான் வாங்கியது.

இதைச் சொன்னபோது பெரியப்பா அன்னபூரணியின் கதையை எடுத்தார், வல்வெட்டித்துறைக்காரர் எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். எங்கள் ஊரில் கட்டின, இரண்டு பாய்மரம் கொண்ட ஒரு கப்பல் அது. வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார், அது 1938 ஓகஸ்ட்டில் மசாசூசெற்சில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் போய்க் கட்டியது. மரம் அதே மரம், கட்டின கை எங்கள் கை, ஓட்டியவர்களிலும் எங்கள் ஆட்கள். ஆனால் போய்ச் சேர்ந்த கப்பலின் பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. வாங்கினவர் பெயரை மாற்றிவிட்டார், அது அவருடைய உரிமை, கடலில் அது வழக்கம்தான்.

அங்கேதான் கப்பலும் பத்திரிகையும் பிரிகின்றன என்று எனக்குப் பட்டது. கப்பலை வாங்குகிறவர் உடம்பை வாங்குகிறார், பெயரை அழித்துத் தன்னுடையதை எழுதுகிறார். பத்திரிகையை வாங்குகிறவர் வாங்குவதே அந்தப் பெயரை. இயந்திரம் எங்கும் கிடைக்கும், ஆட்களை மாற்றலாம், கட்டடத்தை விற்கலாம். பெயரை மாற்றினால் போட்ட காசு போச்சு. அவுஸ்திரேலியாவில் இந்தப் பழக்கம் சொல்லிலேயே ஏறிவிட்டது: ஒரு கம்பனியிடம் இத்தனை பத்திரிகை இருக்கிறது என்பதற்கு இத்தனை மாஸ்ட்ஹெட் இருக்கிறது என்கிறார்கள். லண்டன் 'டைம்ஸ்' 1932இல் உச்சியில் இருந்த பழைய கோதிக் எழுத்தை நேர் எழுத்தாக மாற்றியதும், 'நியூயோர்க் டைம்ஸ்' தன் பெயருக்குப் பின்னால் அதுவரை இருந்த முற்றுப்புள்ளியை 1967இல் எடுத்ததும் இன்றைக்கும் பேசப்படுகிற செய்திகள். ஒரு புள்ளி! இப்போது இணையத்தளத்தின் மேல்பட்டையையும் மாஸ்ட்ஹெட் என்கிறார்கள், அதற்குத் தாளும் இல்லை, மரமும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது என்று வடிவமைக்கும் பெடியன் பிறகு கேட்டான். முகப்பு என்றால் முன்பக்கம் முழுவதும் வந்துவிடும், தலைப்பு என்றால் செய்தித் தலைப்போடு குழம்பும், பெயர்ப்பட்டை என்றால் விளங்கும் ஆனால் மருந்துப் போத்தல் ஞாபகம் வருகிறது. மிசைக்கூம்பு என்று போடலாமா என்று எனக்கு ஒரு ஆசை. மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அதனால் மாஸ்ட்ஹெட் என்றே இருக்கிறது. உச்சியை அரை அங்குலம் குறைத்து அனுப்பியிருந்தான், நன்றாகத்தான் இருந்தது.

முதல் இதழை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் நீட்டினேன். பெயரைப் பார்த்தார், கவிழ்த்தார், கடைசிப் பக்கத்தின் அடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அந்த எறும்பு வரியை வாய்விட்டு வாசித்தார். "உன்ர பெயர் இல்லையே?"

"இல்லைப் பெரியப்பா."

"நல்லது" என்றார், பிறகுதான் முன்பக்கத்துக்குத் திரும்பினார்.